நானூறு கஜத்துக்கு ஒரு தோட்டா

2013 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி முப்பத்திரண்டு நிமிடம். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் முப்பத்தொரு டிகிரி. வானம் மூட்டமாக இருந்தது. காற்று என்பதே இல்லை. அனல்மின் நிலையத்துப் புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு அடித்தால் அது என் மகன் ஜெயசீலன்தான். கனடாவில் ஆல்பர்ட்டா என்ற மாகாணத்தில் இருக்கிறான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணி. அவன் பேசி முடித்ததும் எத்தனை நிமிடம் என்று காலண்டரில் குறித்துவைப்பது என் வழக்கம். அந்த வருடம் அதுவரை இருபத்திரண்டு ஞாயிறுகள் போயிருந்தன. அவன் கூப்பிட்டது பத்தொன்பது. மொத்தம் எண்பத்தொரு நிமிடம். சராசரி நான்கு நிமிடம் பதினாறு நொடி.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன இருக்கும்? மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா, கரெண்ட் போகுதா. பிறகு, "அம்மாகிட்ட குடுங்க." என் மனைவி எஸ்தர் கடைசி ஒரு நிமிடத்தை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வைப்பாள். சண்டை எதுவும் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுபது வயதில் வாரத்துக்கு நான்கு நிமிடம் என்றால், இன்னும் பத்து வருடம் இருந்தாலும் மொத்தம் முப்பத்தைந்து மணி நேரம்கூடத் தேறாது.

அன்று அவன் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க வேட்டைக்குப் போனவர்தானே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். சின்ன வயசுல. ஆல்பத்துல படம் இருக்கே, துப்பாக்கி வச்சுக்கிட்டு."

அவன் அலுவலகத்தில் மூன்று பேர் வருடாவருடம் செப்டம்பரில் எல்க் வேட்டைக்குப் போகிறார்களாம். எல்க் என்பது நம் கடமானுக்கு அண்ணன். அதைவிடப் பெரிய உடம்பு, பெரிய கொம்பு. அங்கே அதற்கு உரிமம் உண்டு, காலம் உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு. இந்த வருடம் இவனையும் அழைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வாங்கப் போன கடையில், எந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி என்று கேட்டிருக்கிறார்கள். இவனுக்குப் பதில் தெரியவில்லை.

"நாலு பேர் நாலு விதமாச் சொல்றாங்கப்பா. நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."

காலண்டரில் அன்று இருபத்தேழு நிமிடம் என்று எழுதினேன்.

எடைமேடைக்காரர் மகன்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்துவருபவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சுரங்கத்தில் சர்வேயராக முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். திறந்தவெளிச் சுரங்கம். மேல் மண்ணை எத்தனை கன மீட்டர் அள்ளினார்கள், படிகள் எவ்வளவு சரிவில் நிற்கின்றன, மழைக்குப் பிறகு எந்தப் படி எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து சொல்வது என் வேலை.

எண்ணும் பழக்கம் அதற்கு முன்பே வந்தது. என் அப்பா நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகளை எடைபோடும் குமாஸ்தா. வீட்டுக்கு வந்தால் எங்களையும் எடைபோடுவார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், கிறிஸ்துமஸுக்கு அதே எண்ணிக்கை திரும்பிப் போக வேண்டும். குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. அவர் இறந்தபோது அழுதவர்களை நான் எண்ணினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எண்ணினேன்.

சுரங்கத்தில் காப்புக் கெழு என்று ஒன்று உண்டு. ஒரு சரிவு விழாமல் நிற்க ஒரு பங்கு பலம் போதும் என்று கணக்கு சொன்னால், நாங்கள் ஒன்றே கால் பங்குக்கும் மேலாக வைப்போம். என் மேலதிகாரிகள் ஒன்று புள்ளி மூன்று கேட்பார்கள். கணக்கில் தெரியாமல் போன எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் புள்ளி மூன்று. மனிதன் தன் அறியாமைக்குக் கொடுத்த ஒரு எண் என்று நான் அதை நினைப்பதுண்டு.

அந்த எண்ணை நம்பித்தான் நான் விழுந்தேன்.

நாற்பது பக்க நோட்டு

மறுநாளே மெயின் பஜாரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

துப்பாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டா என்பது பித்தளைக் குப்பி, உள்ளே மருந்து, குப்பியின் வாயில் குண்டு. ஒரு துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவைத்தான் ஏற்கும். அதனால் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதுதான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது. தூரத்தில் நிற்கும் பெரிய மிருகத்துக்கு மூன்று கேள்விகள். அங்கே போய்ச் சேருவதற்குள் குண்டு எவ்வளவு தாழும்? பக்கக் காற்று அதை எவ்வளவு தள்ளும்? சேர்ந்த இடத்தில் ஆழமாக உள்ளே போக அதில் பலம் மிச்சமிருக்குமா?

அவன் தேர்வில் இருந்தவை நான்கு. இருநூற்றெழுபது என்று ஒன்று. முப்பது-நாட்-ஆறு என்று நூறு வருடப் பழையது ஒன்று. ஏழு மில்லிமீட்டர் மேக்னம். முந்நூறு மேக்னம். மேக்னம் என்றால் குப்பி பெரிது, மருந்து அதிகம், வேகம் அதிகம்.

ஞாயிறுதோறும் அவன் கடைக்காரர் கொடுத்த அட்டவணையிலிருந்து எண்களைப் படிப்பான். நான் எழுதிக்கொள்வேன். வாரம் முழுவதும் கணக்குப் போட்டு, அடுத்த ஞாயிறு நான் படிப்பேன்.

"முப்பது-நாட்-ஆறு நானூறு கஜத்துல எவ்வளவு தாழுதுப்பா?"

"இருநூறுக்குக் குறி வச்சுச் சரிபண்ணா, இருபத்துமூணு அங்குலம். ஏழு மில்லி மேக்னம் பத்தொம்பதரை. காத்து மணிக்குப் பத்து மைல்னா அது பன்னண்டு அங்குலம் ஒதுங்கும், முப்பது-நாட்-ஆறு பதினாறு."

"முந்நூறு மேக்னம்தான் பெஸ்டுன்னு கடைக்காரன் சொல்றான்."

"சுட்டா அது தோளை உதைக்கும். உனக்கு வேணாம்."

"ஏன்?"

"வலது காறை எலும்பு. எட்டாவது பிளாக் வளைவுல சைக்கிளோட விழுந்தியே, ஒம்பது வயசுல. கட்டுப் போட்டு நாப்பத்தோரு நாள்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதெல்லாம் நாளை எண்ணி வச்சிருக்கீங்களாப்பா!"

என் மகன் சிரித்துக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். எண்ணிச் சொல்ல முடியவில்லை.

எஸ்தர் கோயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். ஏழே முக்காலுக்கு ஆராதனை.

"ஏங்க, போதகர் பிரசங்கத்துக்கே ஏறியிருப்பாரு. அப்பனும் மகனும் இன்னும் மருந்து அளந்துக்கிட்டே இருங்க."

"ரெண்டு நிமிஷம்."

"கல்யாணம் ஆன நாளா எங்கூடப் பேசினதை எல்லாம் சேர்த்து வச்சாலும் இவ்வளவு வராது. நான் ஒரு துப்பாக்கியாப் பொறந்திருக்கலாம்."

ஐந்தாவது ஞாயிறோடு கணக்கு முடிந்துவிட்டது. ஏழு மில்லிமீட்டர் மேக்னம், நூற்றறுபது கிரெயின், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல், எடையுள்ள குண்டு. சந்தேகமே இல்லை. நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

"இன்னும் குளிரைக் கணக்குல சேர்க்கலை. குளிர்ல மருந்து மந்தமா எரியும்" என்றேன். அடுத்த வாரம் மலையின் உயரம்; உயரத்தில் காற்று மெல்லிசு. அதற்கடுத்த வாரம் மேட்டிலிருந்து பள்ளத்தில் சுட்டால் என்ன ஆகும் என்பது. எல்லாம் உண்மையான கணக்குகள்தான். ஆனால் ஒரே மாலையில் போட்டு முடிக்கக் கூடியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிறு வாங்கிக்கொண்டேன்.

செல்வியின் மாடு

ஆறாவது வாரமோ ஏழாவதோ, நானூறு கஜம் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. நாங்கள் குடியிருக்கும் சுரங்க டவுன்ஷிப்பின் ஓரத்தில், பழைய மண்மேட்டுக்குப் போகும் வழியில் நீளமான வெற்றுத் தரை இருக்கிறது. என் நடை ஓர் எட்டுக்கு எழுபத்திரண்டு சென்டிமீட்டர். ஐந்நூற்றெட்டு எட்டு வைத்தால் நானூறு கஜம். ஒரு வேப்பங்கன்றிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து போய், திரும்பி நின்று பார்த்தேன். வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் ஒரு செவலை மாடு மேய வந்திருந்தது. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் பைனாகுலர் இருந்தது. கையை நீட்டித் தீக்குச்சியைப் பிடித்து, மாட்டின் உயரம் குச்சி மருந்தில் எத்தனை பங்கு என்று அளந்துகொண்டிருந்தேன்.

மாட்டுக்கு உரியவள் வந்துவிட்டாள். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், செல்வி என்று பெயர். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவள்தான்.

"இன்னா சர்வேயர் சாரே, காலையில புடிச்சு என் மாட்டையே பாத்துக்கினு நிக்கிறீங்க? கண்ணு வைக்காதீங்க, இப்பத்தான் கன்னு போட்டுது."

"ஒண்ணுமில்லைமா. ஒரு அளவு எடுக்கிறேன். அதைக் கொஞ்சம் அசையாம நிக்க வையேன்."

"மாட்டையா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊட்டுக்காரன் நில்லுன்னா நிக்க மாட்டேங்கிறான், மாடு நிக்குமா? அது பாட்டுக்கு ஒரு வாய் மேயும், ஒரு எட்டு வைக்கும். நீங்க வேணா அதோடவே நடந்துக்கினே அளந்துக்குங்க."

நான் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: நானூறு கஜத்தில் மாடு, நீட்டிய கையில் தீக்குச்சி மருந்தளவு. அவள் சொன்னதை எழுதவில்லை. எழுத வேண்டிய கணக்கு அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இருநூறா, நானூறா

பத்தாவது ஞாயிறு அவன் குரல் தெளிவாக, இலேசாக இருந்தது. பயிற்சி வகுப்பு முடித்திருந்தான்.

"அப்பா, பிரச்சினை தீர்ந்துச்சு. புதுசாச் சுடறவன் இருநூறு கஜத்துக்கு மேல சுடக் கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிட்டாங்க. கிட்டப் போக முடியலைன்னா விட்டுட்டு வந்துடணுமாம். இருநூறுக்கு எந்தத் தோட்டாவும் போதும். ஆபீஸ்ல பெரியவர் ஒருத்தர் தன்னோட பழைய முப்பது-நாட்-ஆறைச் சும்மாவே தர்றேன்னுட்டார்."

சரியான பதில் அது. ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாத பதில்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. "சரிப்பா, இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று நான் சொல்ல வேண்டும், அதோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு மாத்திரை, மழை, கரெண்ட்.

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்றது சீலா" என்றேன். "ரோட்டுல முப்பது கிலோமீட்டர்னு போர்டு வைப்பான். நல்லா ஓட்டறவன் முப்பதுலயா போறான்?"

"அப்படியா சொல்றீங்க?"

"ஏழு மில்லி மேக்னத்துக்கு ஐந்நூத்தி முப்பது கஜம் வரைக்கும் எல்குக்கு வேண்டிய பலம் இருக்கு. ஒண்ணு புள்ளி மூணால வகுத்துக்கோ. நானூத்தி ஏழு. ஏழையும் தள்ளிடு. நானூறு. சுரங்கத்துல ஆயிரம் பேர் உயிரை இந்த எண்ணை வச்சுத்தான் பார்த்துக்கிட்டோம்."

அவன் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான்: "நீங்க சுட்டவர். உங்களுக்குத் தெரியும்."

அன்று நாற்பத்துநான்கு நிமிடம். கோயிலுக்குப் போகும்போது திருவிருந்து தொடங்கியிருந்தது.

கல்வராயன் மலை

ஆல்பத்தில் இருக்கும் படத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. வேட்டைக்கு அனுமதிச் சீட்டு கிடைத்த காலம். அது சட்டப்படி நின்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, நின்றது நல்லது. எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக சுப்பையா சார் என்று ஒரு குடகுக்காரர் இருந்தார். டவுன்ஷிப்பில் அப்போது எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. அவரவர் ஊரிலிருந்து ஒருவர் ஊறுகாய் கொண்டுவருவார், ஒருவர் தவில் கொண்டுவருவார். சுப்பையா சார் துப்பாக்கி கொண்டுவந்தார். என்னை அவர் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனது நான் சுடுவேன் என்பதற்காக அல்ல. வெறுங்கண்ணால் தூரம் சொல்வேன் என்பதற்காக.

இரண்டாம் நாள் சாயங்காலம், எதிர்ச்சரிவில் ஒரு கடமான் நின்றது. வளர்ந்த ஆண்.

"எவ்வளவு?" என்றார்.

"இருநூத்தி அறுபது கஜம் சார்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்போ நீயே சுடு" என்று துப்பாக்கியைக் கொடுத்தார். அது கனத்த குண்டு போடும் மெதுவான துப்பாக்கி.

முன்னங்காலுக்குப் பின்னால், எங்கே வைக்க வேண்டுமோ அங்கேதான் வைத்தேன். விசையை இழுத்தேன். குண்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி. அந்த அரை நொடியில் கடமான் ஓர் எட்டு முன்னால் வைத்தது. அதற்கு என் மேல் பயமில்லை, என்னை அது பார்க்கவே இல்லை. அடுத்த வாய்ப் புல்லுக்காக ஓர் எட்டு வைத்தது. ஈரச் சாக்கை அறைந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. வயிற்றில் பட்டிருந்தது.

அது முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போயிற்று. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் மலைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காலையிலிருந்து தேடினோம். இலைகளில் இரத்தத்தோடு பச்சையாக, அரைபட்ட தழை ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் அது படுத்து எழுந்த தடம். புல் இன்னும் நசுங்கியிருந்தது. அதற்கு மேல் பாறை. பாறையில் தடம் இல்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் சுப்பையா சார் பேசவில்லை. விருத்தாசலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தூரம் சரிதான், சர்வேயர்."

ஆல்பத்தில் நான் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அதற்கு முந்தின நாள் எடுத்தது. சீலனுக்கு ஆறு வயதிருக்கும்போது அதைக் காட்டி, "மான் செத்துச்சாப்பா?" என்று கேட்டான். "ஒரே குண்டு" என்றேன். அவன் பள்ளியில் போய் எல்லோரிடமும் சொன்னான். அதற்குப் பிறகு திருத்த இடமில்லாமல் போயிற்று.

நோட்டில் முப்பத்தேழு பக்கம் நிரம்பியிருந்தது. தாழ்வு, ஒதுக்கம், பலம், குளிர், உயரம், சாய்வு எல்லாம் இருந்தன. குண்டு பயணப்படும் நேரம் மட்டும் இல்லை. ஏழு மில்லி மேக்னம் நானூறு கஜத்துக்கு எடுத்துக்கொள்வதும் அரை நொடிக்குச் சற்றுக் குறைவுதான். எத்தனை வேகமான தோட்டாவானாலும் அந்த ஓர் எட்டை அடைத்துவிட முடியாது. கிட்டப் போய்ச் சுட்டால்தான் முடியும். அந்த ஒரு வரியை எழுதினால் கடமானைச் சொல்ல வேண்டும். கடமானைச் சொன்னால் "ஒரே குண்டு" பொய் என்று ஆகும். இருநூறுதான் சரி என்றும் ஆகும். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் என்ன இருக்கும்?

பதினேழாவது ஞாயிறு

துப்பாக்கி வாங்கினான். ஏழு மில்லிமீட்டர் மேக்னம். செப்டம்பர் கடைசியில் கிளம்பினார்கள். பதினைந்து ஞாயிறுகளில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு நிமிடம் பேசியிருந்தோம். பதினாறாவது ஞாயிறு, "நாளைக்குப் போறோம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். பதினேழாவது ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை.

"காட்டுல டவர் இருக்காது" என்றேன் எஸ்தரிடம்.

"நான் கேக்கவே இல்லையே" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஏழு முப்பத்து நான்குக்கு அடித்தது.

"சுட்டேன்ப்பா" என்றான். "முந்நூத்தி எண்பது கஜம். தூரம் அளக்கற மெஷின்ல பார்த்துட்டுத்தான் சுட்டேன். காத்தே இல்லை. குறி நீங்க சொன்ன இடம்தான்."

"ம்."

"சுடும்போது ஒரு எட்டு வச்சுதுப்பா."

நான் காலண்டரில் குறிக்கும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு நாள் தேடினோம். முதல் நாள் பனியில ரத்தம் தெரிஞ்சுது. பச்சையா ஏதோ கலந்து இருந்துச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியலை, அவங்களுக்குத் தெரிஞ்சுது. ராத்திரி பனி கொட்டி எல்லாத்தையும் மூடிடுச்சு. வண்டியில யாரும் பேசலை. வீட்டுக்கிட்ட எறக்கிவிடும்போது அந்தப் பெரியவர் கேட்டார், இருநூறுன்னு சொல்லிக் குடுத்தாங்களே, நானூறு யார் சொன்னதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்கப்பான்னு சொன்னேன்."

அவன் அம்மாவைக் கேட்கவில்லை. வைத்துவிட்டான். நான்கு நிமிடம்.

அதற்கடுத்த ஞாயிறு இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. நான் இரண்டு தடவை இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். இரண்டு தடவையும் நூற்றெழுபதுக்கு மேல். இரவு தூங்கப் போகுமுன் ரிசீவரை எடுத்து, டயல் சத்தம் வருகிறதா என்று பார்ப்பேன். வரும்.

எஸ்தர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்வராயனை, வயிற்றில் பட்டதை, பொய்யை, பத்தாவது ஞாயிறை. அவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மான் சாகலைன்னு. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்க அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பீங்க. வேற எதைச் சொல்லும்போதும் பார்க்க மாட்டீங்க." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "ஆனா புள்ளைக்கு நானூறுன்னு சொன்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போனைப் புடுங்கியிருப்பேன்."

"இப்ப என்ன செய்றது?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? நானா சுட்டேன்? அவன்கிட்ட சொல்லுங்க."

"அவன் கூப்பிடட்டும்."

"ஏன், நம்ம போன்ல நம்பர் போட்டா போவாதா?"

அவன் கனடா போய்ப் பதினோரு வருடம். அதுவரை ஒருமுறைகூட நான் அவனை அழைத்ததில்லை. வெளிநாட்டு அழைப்பு நிமிடத்துக்கு ஏழு ரூபாய் இருபது காசு. அவன் கூப்பிட்டால் எனக்குச் செலவில்லை என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம்

அங்கே காலை ஏழரை இருக்கும்படி நேரம் பார்த்து, இங்கே மாலை ஏழு மணிக்கு நம்பரைப் போட்டேன். பதின்மூன்று எண்கள். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை மணி அடித்தது.

"அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?"

நான் அழைத்தால் அவனுக்குத் தோன்றுவது அதுதான்.

"அம்மா நல்லா இருக்கா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாம கேளு."

ஃபேனைப் பார்க்காமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டேன். சரிவு, இருநூற்று அறுபது கஜம், அந்த ஓர் எட்டு, ஈரச் சாக்குச் சத்தம், இலையில் பச்சை, பாறை. ஜீப்பில் அவர் சொன்னது. நான் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னது.

முடித்தபோது அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் நானூறுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏம்ப்பா?"

அதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது, வயது, மறதி என்று. அது வாயில் வரவில்லை.

"இருநூறுன்னு ஒத்துக்கிட்டா அடுத்த வாரம் என்கிட்ட கேக்க உனக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றேன்.

அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபமாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். அங்கே ஏதோ வண்டி போயிற்று. இங்கே இரண்டாம் ஷிப்ட் பஸ் ஒன்று காலியாகத் திரும்பிப் போயிற்று. எஸ்தர் வந்து கதவோரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

வெகு நேரம் கழித்துக் கேட்டான்: "அந்த மான் அன்னைக்கே செத்திருக்குமாப்பா? இல்ல ரொம்ப நாள் இருந்திருக்குமா?"

"தெரியலை சீலா. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியாமலே போயிடும், இல்ல?"

"ஆமா."

மறுபடியும் சத்தம் இல்லை. வைத்துவிடுகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் லைன் தானாக அறுந்துபோயிற்று. அவன் வைத்தானா, தொடர்பு விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் திரும்பப் போடவில்லை.

பில் அடுத்த மாதம் வந்தது. ஒரே அழைப்பு, நாற்பத்தொரு நிமிடம். அதில் இருவரும் பேசியது பாதிகூட இருக்காது. வாயை மூடிக்கொண்டு இருந்த நேரத்துக்கும் அதே ஏழு ரூபாய் இருபது காசுதான். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் இருபது காசு. சேவை வரி முப்பத்தாறு ரூபாய் நாற்பத்தொன்பது காசு. ஆக மொத்தம் முந்நூற்று முப்பத்தோரு ரூபாய் அறுபத்தொன்பது காசு.